லாகின் ஆனதும் கட்டளைகள் தானாக ஓட: .பேஷ்ஆர்சியா, ஆட்டோஸ்டார்ட்டா, சிஸ்டம்டியா?

#1 கொங்கு_டெர்மினல்

வணக்கம் நண்பர்களே. உபுண்டு 24.04 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், வேலேண்ட் என்ற திரை அமைப்பில் ஓடும் செஷன். லேப்டாப்பில் லாகின் செய்ததும் மூன்று வேலைகள் தானாக நடக்க வேண்டும்.

ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டர் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் (எஸ்எஸ்ஹெச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்பில் ஃபோல்டரை இணைக்கும் கருவி) வழியாக என் ஹோமுக்குள் மவுண்ட் ஆக வேண்டும். ஜாவா எங்கே இருக்கிறது என்று நிரல்களுக்குச் சொல்லும் ஜாவா_ஹோம் மாறி செட் ஆக வேண்டும். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் இன்னொரு டிஸ்குக்கு பேக்கப் ஆக வேண்டும்.

மவுண்ட், பேக்கப் இரண்டையும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் படிக்கும் .பேஷ்ஆர்சி கோப்பின் முதல் வரிகளாகப் போட்டிருக்கிறேன். பேக்கப் தொடங்கும்போது தெரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு எக்கோ (திரையில் எழுதிக் காட்டும்) வரியும் உண்டு. ஜாவா வரி அதே கோப்பின் கடைசியில் இருக்கிறது.

இப்போது நடப்பது இதுதான். புது டெர்மினல் திறக்கும் ஒவ்வொரு முறையும் பேக்கப் ஓடுகிறது, ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று எரரும் வருகிறது. டெர்மினலில் ஜாவா_ஹோம் சரியாகத் தெரிகிறது. ஆனால் ஐகானைக் கிளிக் செய்து திறக்கும் ஐடிஇ-க்கு (நிரல் எழுதும் மென்பொருள்) அது தெரியவே இல்லை. இன்னொரு மெஷினிலிருந்து இந்த லேப்டாப்புக்கு எஸ்சிபி (எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் கட்டளை) செய்தால் "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 1113678699" என்று நின்றுவிடுகிறது. இது தனிப் பிரச்சினையா, மற்றதோடு சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

லாகின் ஆகும்போது ஒரே ஒரு முறை ஓட எந்தக் கோப்பில் எழுத வேண்டும்?

#2 டெபியன்_தம்பி

.பேஷ்ஆர்சியில் இருப்பதை வெட்டி .புரொஃபைலில் ஒட்டுங்கள் அண்ணா. அது லாகினுக்கு மட்டும்தான் ஓடும். முடிந்தது.

#3 வைகைக்கரை

தம்பி சொன்னது ஜாவா வரிக்கு மட்டும் சரி. மற்ற இரண்டுக்கும் அது வேறு தொல்லையைக் கொண்டுவரும். அதற்கு முன் இப்போது நடப்பது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, எஸ்சிபி எரர் உட்பட.

லினக்ஸில் லாகின் என்பது ஒரே நிகழ்வு இல்லை. வீட்டுக்குள் வர மூன்று வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். க்னோம் திரையில் பாஸ்வேர்ட் கொடுத்து வருவது ஒன்று. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வரும் கறுப்புத் திரையிலோ எஸ்எஸ்ஹெச்சிலோ உள்ளே வந்து ஷெல்லில் உட்காருவது இன்னொன்று. எஸ்சிபி, ஆர்சிங்க் மாதிரி ஒரு நிரல் உங்கள் பெயரில் வந்து வேலையை முடித்துக்கொண்டு போவது மூன்றாவது. ஒவ்வொரு வாசலிலும் படிக்கப்படும் கோப்புகள் வேறு வேறு.

பேஷ் லாகின் ஷெல்லாகத் தொடங்கினால் முதலில் /இடிசி/புரொஃபைல் படிக்கும். அப்புறம் உங்கள் ஹோமில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். உபுண்டு தருவது .புரொஃபைல்தான். லாகின் ஷெல்லாக இல்லாமல், நீங்கள் தட்டச்சு செய்வதற்காக மட்டும் பேஷ் திறந்தால் .பேஷ்ஆர்சி படிக்கும். க்னோம் டெர்மினலில் புது ஜன்னலோ டேபோ திறப்பது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பேக்கப் ஓடுகிறது.

அடுத்தது ஐடிஇ. உபுண்டுவின் .புரொஃபைலைத் திறந்து பாருங்கள், பேஷ் ஓடிக்கொண்டிருந்தால் .பேஷ்ஆர்சியையும் சேர்த்துப் படி என்று அதில் ஒரு வரி இருக்கும். வேலேண்டில் க்னோம் செஷன் உங்கள் சொந்த ஷெல்லை லாகின் ஷெல்லாகத் தொடங்கி அதன் வழியாகத்தான் வருகிறது. ஆகவே .புரொஃபைல் படிக்கப்படுகிறது, அது .பேஷ்ஆர்சியைக் கூப்பிடுகிறது. ஆனால் .பேஷ்ஆர்சியின் ஆரம்பத்திலேயே கேஸ் என்று தொடங்கும் ஒரு சோதனை உண்டு: எதிரே ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் ஷெல்லாக இல்லாவிட்டால் இங்கேயே திரும்பிப் போ என்பது அது. க்னோம் செஷன் தொடங்கும் நேரத்தில் அப்படி யாரும் இல்லை. எனவே பேஷ் அந்த வரியோடு திரும்பிவிடுகிறது. கோப்பின் கடைசியில் இருக்கும் ஜாவா வரியை அது பார்ப்பதே இல்லை. ஐகான் வழியாகத் திறக்கும் எல்லாமே அந்தச் செஷனின் பிள்ளைகள், அதனால் ஐடிஇ-க்கும் தெரியவில்லை.

உங்கள் மவுண்ட் வரியும் பேக்கப் வரியும் அந்தச் சோதனைக்கு மேலே இருக்கின்றன. ஆகவே அவை எந்த வாசலில் யார் வந்தாலும் ஓடும். எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு நிரல் வந்தாலும் உபுண்டு, டெபியன் பேஷ் .பேஷ்ஆர்சியைப் படிக்கும், இது பலருக்குத் தெரியாத விஷயம். எஸ்சிபி வந்ததும் பேக்கப் தொடங்குகிறது, உங்கள் எக்கோ வரி திரைக்குப் போகாமல் எஸ்சிபி பேசிக்கொண்டிருக்கும் அதே குழாயில் போய் விழுகிறது. மறுமுனை அதை நெறிமுறைத் தகவல் என்று நினைத்துப் படிக்கிறது.

1113678699 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மறுமுனை முதல் நான்கு பைட்டுகளைச் செய்தியின் நீளமாக எடுத்துக்கொள்கிறது. இந்த எண்ணை நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் 66, 97, 99, 107 வருகிறது. ஆஸ்கி அட்டவணையில் 66 பெரிய எழுத்து பி, 97 ஏ, 99 சி, 107 கே. அதாவது "பேக்கப்" என்று ஆங்கிலத்தில் எழுதியதன் முதல் நான்கு எழுத்துகள். உங்கள் எக்கோ வரி அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது, சரியா?

#4 கொங்கு_டெர்மினல்

அக்கா, அப்படியேதான் தொடங்குகிறது. எக்கோவை எடுத்துவிட்டு எஸ்சிபி செய்து பார்த்தேன். கோப்பு போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் பேக்கப் முடியும் வரை காத்திருந்து போகிறது. நீங்கள் சொன்ன மூன்றாவது வாசல் புரிந்தது.

அப்படியானால் மூன்றையும் எங்கே வைப்பது?

#5 பழைய_யுனிக்ஸ்

இதற்கு இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை தம்பி. க்னோம் வைத்திருக்கிறீர்கள். ஹோமுக்குள் .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் என்ற ஃபோல்டரில் ஒரு .டெஸ்க்டாப் கோப்பு வையுங்கள். டைப், நேம், எக்ஸெக் என்று மூன்று வரி போதும். உபுண்டுவில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் என்ற கருவி இதையே மவுஸ் வைத்துச் செய்து தரும். கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ எல்லாவற்றுக்கும் இதே ஃபோல்டர்தான். டெஸ்க்டாப்பில் லாகின் ஆகும்போது ஒருமுறை ஓடும், டெர்மினல் திறந்தால் ஓடாது, எஸ்சிபி வந்தால் ஓடாது. நீங்கள் கேட்டது அதுதானே?

ஒரு எச்சரிக்கை மட்டும். எக்ஸெக் வரியை ஷெல் படிப்பதில்லை. வீட்டைக் குறிக்கும் ~ குறியும், இரண்டு கட்டளைகளைச் சேர்க்கும் && குறியும், குழாய்க் குறியும் அங்கே வேலை செய்யாது. எழுத வேண்டியதை எல்லாம் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, அதற்கு எக்ஸிகியூட் அனுமதி கொடுத்து, அதன் முழுப் பாதையை மட்டும் எக்ஸெக்கில் போடுங்கள். "ஆட்டோஸ்டார்ட் ஓடவில்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் அமைப்பு) யூனிட் கோப்பு எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். ஒரு ஃபோல்டரை மவுண்ட் செய்ய அது தேவையில்லை என்பது என் கருத்து.

#6 நெல்லை_அட்மின்

சார், உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த மூன்று வேலைகளில் மவுண்டுக்கு ஆட்டோஸ்டார்ட் போதாது. லாகின் ஆன அந்த நொடியில் லேப்டாப்பில் வைஃபை இன்னும் சேர்ந்திருக்காது. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் சர்வரைத் தேடும், கிடைக்காது, வெளியேறிவிடும். ஆட்டோஸ்டார்ட் ஒருமுறை ஓட்டிவிட்டு மறந்துவிடும். திரும்ப முயற்சி செய்ய அங்கே யாரும் இல்லை.

பலர் இதற்கு ஸ்லீப் 30 என்று ஸ்கிரிப்டில் போடுவார்கள். வீட்டில் அது வேலை செய்யும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பைச் சேர்க்கவே ஒரு நிமிடம் ஆகும் இடத்தில் வேலை செய்யாது. நொடிக் கணக்கை ஊகித்து எழுதும் எந்தத் தீர்வும் ஒருநாள் கைவிடும்.

பயனருக்கான சிஸ்டம்டி சர்வீஸ் இதற்காகவே இருக்கிறது. ஹோமுக்குள் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் என்ற ஃபோல்டரில் ஒரு .சர்வீஸ் கோப்பு. எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் கட்டளை, அதில் -எஃப் கொடுத்து முன்னணியிலேயே ஓட விடுங்கள். பின்னணிக்குப் போய்விட்டால் சிஸ்டம்டி அதைக் கவனிப்பது கடினம். ரீகனெக்ட் என்ற ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், லேப்டாப் தூங்கி எழுந்தபின் இணைப்பு திரும்ப வரும். அப்புறம் ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக்=15. இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை=டிஃபால்ட்.டார்கெட். ஹோம் பாதை வரும் இடத்தில் ~ போடாதீர்கள், %ஹெச் போடுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட்டையும் ஷெல் படிப்பதில்லை.

ரீஸ்டார்ட்செக் வரியைத் தயவுசெய்து விடாதீர்கள். அது இல்லையென்றால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்டில் மறுபடி முயற்சி செய்யும். 10 நொடிக்குள் 5 முறை தொடங்கித் தோற்றுவிட்டால் போதும், இனி முயற்சி இல்லை என்று நிறுத்திவிடும். ஜர்னலில், அதாவது சிஸ்டம்டியின் பதிவேட்டில், "ஸ்டார்ட்-லிமிட்-ஹிட்" என்று காண்பீர்கள். வைஃபை சேரும் முன்பே ஐந்து முயற்சிகளும் தீர்ந்துபோகும்.

எஸ்எஸ்ஹெச் சாவிக்கு பாஸ்ஃபிரேஸ் இருந்தால் கேட்க அங்கே திரை இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த மவுண்டுக்கு மட்டும் பயன்படும் தனிச் சாவி ஒன்று உருவாக்கி, சர்வர் பக்கம் அந்தச் சாவிக்கு எஸ்எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்) மட்டும் அனுமதிப்பது நல்ல வழி.

#7 டெபியன்_தம்பி

அட்மின் அண்ணா, ரீஸ்டார்ட் எல்லாம் எதற்கு? ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்று ஒரு வரி போட்டால் நெட் வந்தபின் தானே தொடங்கும்?

#8 நெல்லை_அட்மின்

நல்ல கேள்வி. சிஸ்டம் சர்வீஸ் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பயனருக்கான சிஸ்டம்டி தனி மேலாளர், அதற்குத் தனிப் பட்டியல். நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்பது சிஸ்டம் பக்கத்துப் பட்டியலில் இருக்கிறது. பயனர் யூனிட் அதைச் சார்ந்திருக்க முடியாது. ஆஃப்டர் என்று எழுதினால் எரரும் வராது, பலனும் இருக்காது. இல்லாத ஒன்றுக்குப் பின் வரிசை போட்டதாக ஆகிவிடும். எரர் வராததால் பலர் அது வேலை செய்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

#9 வைகைக்கரை

இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடுதான், ஆனால் வேலையைப் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். எந்தக் கோப்பு சிறந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கேட்க வேண்டியது இரண்டு. இது எந்த வாசலில் வரும்போது நடக்க வேண்டும்? ஒவ்வொரு முறை வரும்போதுமா, நான் உள்ளே இருக்கும் வரை ஒருமுறையா?

பயனர் சிஸ்டம்டி நீங்கள் முதலில் எந்த வாசலில் வந்தாலும் தொடங்கும். நீங்கள் ஏற்கெனவே க்னோமில் இருக்கும்போது எஸ்எஸ்ஹெச் வழியாக இரண்டாவது முறை உள்ளே வந்தால் அது மறுபடி தொடங்காது. கடைசி செஷனும் முடிந்து சில நொடிகள் கழித்து அடங்கிவிடும். மவுண்டுக்கு இது கச்சிதம்: ஒரு மவுண்ட் போதும், எல்லா செஷனும் அதைப் பயன்படுத்தலாம். "யாராவது லாகின் ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு மெசேஜ் வர வேண்டும்" என்கிறவருக்கு அதே காரணத்தால் இது உதவாது.

ஜாவா_ஹோம் .புரொஃபைலுக்கு. எக்ஸ்போர்ட் வரியை அதில் போடுங்கள். க்னோமுக்கும் தெரியும், கறுப்புத் திரைக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் தெரியும், டெர்மினல் ஜன்னல்கள் க்னோமிடமிருந்து வாங்கிக்கொள்ளும். மாற்றியபின் லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும்; டெர்மினலை மூடித் திறப்பது போதாது. க்னோமுக்கு மட்டும் போதும் என்றால் .கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி ஃபோல்டரில் .கான்ஃப் கோப்பு வைக்கலாம். அதில் எக்ஸ்போர்ட் என்ற சொல் கூடாது, பெயர்=மதிப்பு மட்டும்.

பேக்கப் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் வற்புறுத்துவேன். பேக்கப்புக்கும் லாகினுக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்கு வேண்டியது தினம் ஒரு பேக்கப். லேப்டாப்பை மூடித் திறந்தே வாரம் முழுக்க லாக்அவுட் செய்யாமல் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு லாகின் பேக்கப் என்றால் வாரம் முழுக்க பேக்கப்பே இல்லை. ஒரே நாளில் மூன்று தடவை ரீபூட் செய்தால் மூன்று தடவை. இதற்கு .டைமர் யூனிட் வையுங்கள்: ஆன்கேலண்டர்=டெய்லி, பெர்சிஸ்டன்ட்=ட்ரூ. குறித்த நேரத்தில் லேப்டாப் அணைந்திருந்தால், அடுத்து நீங்கள் லாகின் ஆகும்போது விட்டுப்போனதை ஓட்டிவிடும். லாகினில் ஓட வேண்டும் என்ற உங்கள் ஆசையும் பாதி நிறைவேறும்.

#10 பழைய_யுனிக்ஸ்

டைமர் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. வைஃபை விஷயத்தில் நெல்லைக்காரர் சொன்னதும் சரிதான், லேப்டாப்பில் அது பெரிய வித்தியாசம்.

ஆனால் திரையில் ஜன்னல் காட்டும் எதற்கும், சாட் நிரல், கிளிப்போர்டு கருவி, புளூ லைட் ஃபில்டர் மாதிரி, ஆட்டோஸ்டார்ட்தான் என்பதில் நான் மாற மாட்டேன். டிஃபால்ட்.டார்கெட்டில் போட்டால் டிஸ்பிளே தயாராகும் முன்பே தொடங்கி விழுந்துவிடும். எஸ்எஸ்ஹெச்சில் மட்டும் உள்ளே வந்தாலும் தொடங்கப் பார்க்கும்.

#11 வைகைக்கரை

ஆமாம் சார், அதில் கருத்து வேறுபாடே இல்லை. சிஸ்டம்டியிலேயே செய்ய வேண்டுமென்றால் கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட் உண்டு, ஆனால் சாதாரணப் பயனருக்கு .டெஸ்க்டாப் கோப்பே எளிது. 2020-இல் வந்த சிஸ்டம்டி 246 முதல் ஆட்டோஸ்டார்ட் கோப்புகளையே சர்வீஸாக மாற்றித் தரும் வசதி வந்துவிட்டது. அதனால் இன்றைய க்னோமில் ஆட்டோஸ்டார்ட் நிரல் விழுந்தாலும் அதன் புலம்பலை ஜர்னலில் படிக்க முடிகிறது. முன்பெல்லாம் அது எங்கே போகிறது என்று தேடுவதே ஒரு வேலை.

ஐ3, ஸ்வே மாதிரி விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவை ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரைத் தாமாகப் படிப்பதில்லை. அவற்றின் கான்ஃபிக் கோப்பில் எக்ஸெக் வரி போடுங்கள், அல்லது டெக்ஸ் என்ற சிறு கருவியை வைத்து ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரைப் படிக்கச் சொல்லுங்கள்.

#12 டெபியன்_தம்பி

இதோடு சேர்த்து என் கேள்வியும். தமிழ்99 விசைப்பலகைக்காக, தட்டச்சு உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ்-டீமன் கட்டளையை .புரொஃபைலில் போட்டிருக்கிறேன், ஒரு வலைப்பக்கத்தில் பார்த்தது. சில நாள் தமிழ் வருகிறது, சில நாள் வரவில்லை. எக்ஸ்எஃப்சிஇயிலிருந்து க்னோமுக்கு மாறிய பிறகுதான் இப்படி.

#13 வைகைக்கரை

அந்த வரியை எடுத்துவிடுங்கள் தம்பி. க்னோம் ஐபஸ்ஸைத் தானே தொடங்கிக்கொள்ளும். நீங்கள் முந்திக்கொண்டு ஒன்றைத் தொடங்கினால் இரண்டும் மோதும், யார் முதலில் வந்தார்கள் என்பதைப் பொறுத்துத் தமிழ் வரும், வராது. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் இன்புட் சோர்ஸ் பட்டியலில் தமிழ்99 சேர்த்தால் போதும். எக்ஸ்எஃப்சிஇயில் இருந்தபோது இம்-கான்ஃபிக் ஓட்டி ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலே அங்கும் அந்த வரி தேவைப்பட்டிருக்காது.

#14 நெல்லை_அட்மின்

.புரொஃபைலைத் தொடப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அதில் சில வகைப் பிழை இருந்தால் பாஸ்வேர்ட் கொடுத்ததும் திரை ஒருமுறை இருண்டு மறுபடி பாஸ்வேர்ட் திரைக்கே திரும்பும். பாஸ்வேர்ட் தவறு என்று நினைத்து மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பார்கள்.

அதைத் தவிர்க்க, லாக்அவுட் செய்யும் முன்பே சோதியுங்கள். பேஷ் -என் என்று கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். பிறகு அதே ஜன்னலில் பேஷ் -எல் அடித்துப் பாருங்கள், லாகின் ஷெல் ஒன்று திறக்கும். எக்ஸிட் அடித்தால் திரும்பிவிடலாம். நீங்கள் இருப்பது லாகின் ஷெல்லா என்று தெரிய ஷாப்ட் லாகின்_ஷெல் என்று கேளுங்கள், ஆன் அல்லது ஆஃப் என்று சொல்லும்.

.புரொஃபைலில் போடக் கூடாதவை சில உண்டு. முடிவில்லாமல் ஓடும் கட்டளையைக் கடைசியில் & குறி இல்லாமல் போட்டால் க்னோம் அது முடியும் வரை காத்திருக்கும், அதாவது வராது. எக்ஸிட் என்ற சொல்லும் வேண்டாம். வேறு ஸ்கிரிப்டிலிருந்து வெட்டி ஒட்டும்போது தெரியாமல் வந்துவிடும், ஷெல்லே மூடிவிடும். செட் -இ போட்டால் பிறகு வரும் ஏதாவது ஒரு கட்டளை தோற்றாலும் அதே கதி. பேஷுக்கு மட்டும் உரிய இலக்கணமும் வேண்டாம், ஏனென்றால் வேலேண்டுக்குப் பதிலான பழைய எக்ஸ்ஆர்க் செஷனில், பாஸ்வேர்ட் திரையை நடத்தும் ஜிடிஎம் இதை டேஷ் எனும் எளிய ஷெல் கொண்டு படிக்கிறது. இரட்டைச் சதுர அடைப்பு அங்கே புரியாது.

மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். பாஸ்வேர்ட் திரையிலேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் லாகின் செய்து கோப்பின் பெயரை மாற்றுங்கள். அதுவும் உள்ளே விடவில்லை என்றால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ரெகவரி மோடுக்குப் போய் ரூட் ஷெல்லில் மாற்றலாம்.

#15 கொங்கு_டெர்மினல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஜாவா_ஹோம் வரியை .புரொஃபைலில் போட்டு லாக்அவுட் செய்து வந்தேன். ஐடிஇ-க்கு இன்னும் தெரியவில்லை. எக்கோ போட்டுப் பார்த்ததில் .புரொஃபைல் படிக்கப்படவே இல்லை என்று தோன்றுகிறது.

#16 வைகைக்கரை

எல்எஸ் -ஏ அடித்துப் பாருங்கள். ஹோமில் .பேஷ்_புரொஃபைல் என்று ஒரு கோப்பு இருக்கிறதா?

#17 கொங்கு_டெர்மினல்

இருக்கிறது அக்கா. நான் உருவாக்கவில்லை. உள்ளே, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்கும் ஒரே ஒரு வரி. ஆபீஸில் தந்த ஏதோ ஒரு கருவியின் இன்ஸ்டாலர் போட்டது போலிருக்கிறது.

#18 வைகைக்கரை

அதுதான். முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த ஒற்றை வரிக் கோப்பு உங்கள் .புரொஃபைலை முழுவதும் மறைத்துவிட்டது. உபுண்டு .புரொஃபைலில் எழுதித் தந்த எல்லாமே கூடப் போய்விட்டது: ஹோமுக்குள் இருக்கும் .லோக்கல்/பின் ஃபோல்டர் பாத்தில் சேராது, எஸ்எஸ்ஹெச்சில் வந்தால் .பேஷ்ஆர்சியும் படிக்கப்படாது. எஸ்எஸ்ஹெச்சில் மட்டும் ஏலியாஸ் எதுவும் வேலை செய்யவில்லை, பிராம்ப்ட் நிறம் போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கோப்பைப் பற்றித்தான்.

அந்த வரியை .புரொஃபைலுக்கு நகர்த்திவிட்டு .பேஷ்_புரொஃபைலை அழித்துவிடுங்கள். அழிக்க மனமில்லை என்றால் அதன் முதல் வரியில் .புரொஃபைலைச் சோர்ஸ் செய்யுங்கள். இன்ஸ்டாலர் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பயனருக்கு ஏற்கெனவே .புரொஃபைல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதில் ஒரு வரி சேருங்கள், புதுக் கோப்பு உருவாக்காதீர்கள்.

#19 கொங்கு_டெர்மினல்

இப்போது ஐடிஇ-க்குத் தெரிகிறது. டைமரும் ஓடுகிறது, லிஸ்ட்-டைமர்ஸ் கொடுத்தால் அடுத்து எப்போது ஓடும் என்று காட்டுகிறது. மவுண்ட் சர்வீஸை எனேபிள் செய்து ரீபூட் செய்தேன். ஜர்னல்சிடிஎல் --யூசர் கொடுத்துப் பார்த்தால், முதல் முறை சர்வர் கிடைக்காமல் தோற்று, 15 நொடி கழித்து வந்த முயற்சியில் மவுண்ட் ஆகியிருக்கிறது. எஸ்சிபியும் உடனே போகிறது.

நெல்லை அண்ணாவுக்கு இன்னொரு கேள்வி. எங்கள் டீம் சர்வரில் பல பேர் எஸ்எஸ்ஹெச் வழியாக வருகிறார்கள். யார் வந்தாலும் ஒரு லாக் கோப்பில் பதிவாக வேண்டும் என்று /இடிசி/புரொஃபைல்.டி ஃபோல்டரில் ஒரு .எஸ்ஹெச் கோப்பு போட்டிருக்கிறோம். அது சரியான இடம்தானா?

#20 நெல்லை_அட்மின்

பொது மாறிகள், ஒரு வரவேற்பு வரி, இதற்கெல்லாம் சரியான இடம். பதிவுக்குச் சரியில்லை. காரணம் அதே வாசல் விஷயம்தான். புரொஃபைல்.டி லாகின் ஷெல்லுக்கு மட்டும் ஓடும். ஒருவர் எஸ்எஸ்ஹெச் கட்டளையோடேயே ஓட்ட வேண்டிய நிரலின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் லாகின் ஷெல் வராது, உங்கள் கோப்பு ஓடாது, பதிவும் இராது. எஸ்சிபி, எஸ்எஃப்டிபியில் கோப்பு எடுத்துப் போனாலும் அப்படித்தான். தவிர அது பயனரின் பெயரிலேயே ஓடுவதால், லாக் கோப்பில் எழுத எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். எழுத முடிகிறவர் அழிக்கவும் முடியும்.

இதற்கு, லாகினைச் சரிபார்த்துச் செஷனைத் திறக்கும் பேம் அமைப்பின் பக்கம் போக வேண்டும். /இடிசி/பேம்.டி/எஸ்எஸ்ஹெச்டி கோப்பின் கடைசியில் செஷன் ஆப்ஷனல் பேம்_எக்ஸெக் என்று வரி போட்டு, ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். எந்த வகை லாகினாக இருந்தாலும் ரூட் உரிமையில் ஓடும். ஸ்கிரிப்டுக்குள் பேம்_யூசர், பேம்_ஆர்ஹோஸ்ட் மாறிகளில் யார், எங்கிருந்து என்று இருக்கும். பேம்_டைப் மாறியைப் பார்த்து, செஷன் திறக்கும்போது மட்டும் எழுதுங்கள். மூடும்போதும் அதே ஸ்கிரிப்ட் கூப்பிடப்படும்.

ஆப்ஷனல் என்ற சொல்லை ரெக்வயர்டு என்று மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றி, ஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால், டிஸ்க் நிறைந்துபோனால் கூட, தோல்வி என்று திரும்பினால் யாராலும் சர்வருக்குள் வர முடியாது. இந்தக் கோப்பைத் திருத்தும்போது இன்னொரு ஜன்னலில் ரூட் ஷெல் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். புதிதாக ஒரு எஸ்எஸ்ஹெச் இணைப்பு வெற்றியாக வந்ததைப் பார்த்த பிறகுதான் அதை மூட வேண்டும்.

#21 டெபியன்_தம்பி

கடைசியாக ஒன்று. வீட்டில் மானிட்டர் இல்லாமல் ஒரு சின்ன மெஷின் ஓடுகிறது. அதிலும் பயனர் சர்வீஸ்தான் வைத்திருக்கிறேன். எஸ்எஸ்ஹெச்சில் நான் உள்ளே இருக்கும் வரை ஓடுகிறது, வெளியே வந்ததும் நின்றுவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் நான் லாகின் ஆகும் வரை தொடங்குவதும் இல்லை.

#22 நெல்லை_அட்மின்

லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று கொடுத்து உங்கள் பயனர் பெயரைச் சேருங்கள். அதன்பின் பயனர் மேலாளர் பூட் ஆகும்போதே தொடங்கும், நீங்கள் வெளியேறினாலும் ஓடும். லாகின்சிடிஎல் ஷோ-யூசர் கொடுத்தால் லிங்கர்=யெஸ் என்று காட்ட வேண்டும். /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் ஃபோல்டரில் உங்கள் பெயரில் ஒரு காலிக் கோப்பும் உருவாகியிருக்கும்.

உங்கள் ஹோம் ஃபோல்டர் லாகின் பாஸ்வேர்டால் மறைகுறியாக்கப்பட்டது என்றால் மட்டும் இது சரிப்படாது. பூட் ஆகும் நேரத்தில் அந்த ஃபோல்டர் இன்னும் பூட்டியிருக்கும், யூனிட் கோப்பையே படிக்க முடியாது. அப்படி இருந்தால் சர்வீஸை /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டருக்கு மாற்றி, யூசர்= வரியில் உங்கள் பெயரைப் போட்டு, நிரலையும் அதன் தகவல்களையும் ஹோமுக்கு வெளியே வையுங்கள்.